பக்கெட்டுக்கு எழுது

அந்த அக்காவுக்கு அடுத்தவர் எழுதியதைப் படிக்கும் வழக்கமே கிடையாது. ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு இப்படி ஒரு குணம். அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் பாதிப் பேரின் சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், மனைப் பத்திரம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அவள் கை வழியாகத்தான் போய்வரும். யாராவது வாயைக் கிளறிப் பார்ப்பார்கள். "எதிர்வீட்டுக்காரங்க பத்திரம் காப்பி எடுத்தாங்களாமே, எத்தனை கிரவுண்டாம்?" என்று கேட்டால், "மிஷினாண்ட கேளு. அதான் பாத்துச்சி, நான் பாக்கல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள்.

அவள் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால், "ஏம்மே, நான் இன்னா செத்தா பூட்டேன், பேரு போட்டு எழுதறதுக்கு?" என்று சண்டைக்கு வருவாள். அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். நைட்டிக்கு மேல் ஒரு துப்பட்டா. தலைமுடியை அள்ளி, காகிதக் கட்டுக்குப் போடுகிற கறுப்புக் கிளிப் ஒன்றைச் செருகியிருப்பாள். விரல் நுனியெல்லாம் எப்போதும் டோனர் மை. வீட்டுக்காரருக்கு அண்ணனூர் ரயில்வே கார் ஷெட்டில் ஷிஃப்ட் வேலை. அந்த மனிதர் பேசி நான் கேட்டதே இல்லை. இரண்டு பேர் பேச வேண்டியதை இவளே பேசிவிடுவாள்.

நான் அந்தக் கடைக்கு முதலில் போனபோது பன்னிரண்டாம் வகுப்பு. கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் டியூஷன். அப்பா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்பில் நான் அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கியது என் போதாத காலம். அன்றிலிருந்து அப்பாவுக்கு நான் "டாக்டரம்மா." வீட்டுக்குள்ளே மட்டும் கூப்பிட்டால் பரவாயில்லை. டீக்கடையில், ஷேர் ஆட்டோவில், கோயில் வரிசையில் எல்லாம் அதே பெயர்தான். நாளடைவில் டீக்கடைக்காரரும் ஆட்டோக்காரரும்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மருத்துவ நுழைவுத் தேர்வு நெருங்க நெருங்க, அந்தச் சொல் காதில் விழுந்தாலே தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்துவிடுவேன். ராத்திரி தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. நகம் கடித்துக் கடித்து விரலில் சதைதான் மிச்சம்.

தேர்வு விண்ணப்பத்துக்கு நகல் எடுக்கத்தான் போனேன். தாளை நீட்டிய என் கையை அக்கா பார்த்தாள்.

"இன்னாமே, கை இப்டி ஆடுது? ஜொரமா?"

"இல்லக்கா."

"பரிச்ச பயமா?"

கடித்த நகம் தெரியாமல் விரல்களை மடக்கிக்கொண்டேன். மிஷினில் மை சரியாகப் பிடிக்காமல் பாதி கறுப்பாகிப்போன தாள் ஒன்றை உருவி, பின்பக்கத்தைத் திருப்பி என் முன்னால் போட்டாள்.

"எழுது."

"என்ன எழுதறது?"

"வவுத்துல இன்னா கீதோ அத்த எழுது."

"யாருக்குக்கா?"

"யாருக்கும் இல்ல. பக்கெட்டுக்கு."

கல்லாவுக்குக் கீழே ஒரு நீல பக்கெட் இருந்தது. முக்கால்வாசி தண்ணீர். கெட்டுப்போன ஜெராக்ஸ் தாள்களை எல்லாம் அதில்தான் போட்டு ஊறவைப்பாள். நன்றாக ஊறிக் கூழானதும் வெந்தயம் சேர்த்து கிரைண்டரில் அரைத்து, கவிழ்த்துப் போட்ட சட்டிமேல் தட்டிக் காயவைத்தால் பேப்பர் கூடை ஆகிவிடும். அம்பத்தூரில் பல வீடுகளில் வெங்காயமும் பூண்டும் போட்டுவைப்பது அப்படிப்பட்ட கூடையில்தான். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பக்கெட்டுக்குப் பிள்ளைகளை எழுத வைத்ததுதான் அவளே கண்டுபிடித்த வேலை.

"பால் பேனா வேணாம், அது தண்ணில கரையாது. தோ, இங்க் பேனா. பேரு போடாத. முத்து முத்தாவும் எழுதாத, இது இன்னா இன்ஸ்பெக்சனா? தப்பு வந்தா வரட்டும். பக்கெட்டு மார்க்கு போடாது."

கடை வாசலில் ஒரு கடப்பாக்கல் பலகை. அதில் குந்தினேன். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று எழுதினேன். அடுத்த வரிக்கு ஒன்றும் வரவில்லை. மூன்றாவது வரியில் டியூஷன் சாரை நாயே என்று எழுதினேன். அதற்கப்புறம் கை நிற்கவில்லை. தாள் தீர்ந்ததும் கொண்டுபோய் பக்கெட்டில் போட்டேன். மை கலைந்து நீலமாய்ப் பரவியதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அங்க இன்னா வேடிக்க? வாந்தி எடுத்துட்டு யாராச்சும் உத்துப் பாப்பாங்களா? கெளம்பு, கிளாசுக்கு நேரமாவுது."

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அப்படிச் சொன்னால் பொய். ஆனால் அதுவரை அது உடம்பு பூராவும் இருந்தது. எது கை நடுக்கம், எது பயம் என்றே தெரியாது. எழுதும்போது மட்டும் அது வரிவரியாகப் பிரிந்து வந்தது. தேர்வில் தோற்றால் அத்தை என்ன சொல்வாள் என்பது ஒரு வரி. பி.எஸ்.சி. சேர்ந்தால் தெருவில் எப்படி நடப்பது என்பது இன்னொரு வரி. வரியாகப் பார்த்தபோது அதில் பாதி எனக்கே அபத்தமாகத் தெரிந்தது. அன்று ராத்திரி தூங்கினேன். அவ்வளவுதான், ஆனால் அது எனக்குப் பெரிய விஷயம்.

பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து டியூஷனுக்கு வருகிற நஸ்ரீனை மறுவாரம் கூட்டிக்கொண்டு போனேன். அவள் எழுதிக்கொண்டே சிரிப்பாள், எழுதிக்கொண்டே அழுவாள். பிறகு பையன்களும் வந்தார்கள். டியூஷன் தொடங்குவதற்கு முன் அந்தக் கல் பலகையில் இடம் கிடைக்காது. ஒருத்தன் நாள் தவறாமல் வந்து வட்டம் வட்டமாகவே போட்டுக்கொண்டிருந்தான். "எழுதத் தெரியலையா நைனா? வட்டம் போட்டாலும் பக்கெட்டு குடிக்கும், போடு" என்றாள். ஆனால் அவன் முகம் நாளுக்கு நாள் இருண்டுகொண்டே போவதை அவள் கவனித்திருக்கிறாள். ஒரு நாள் பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

"போதும். இனிமே நீ வாயத் தொறந்து பேசணும். பக்கெட்டுக்குக் காது கெடயாது. வா, உங்கம்மாவாண்ட போலாம்."

கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு அவனோடு நடந்து போனாள். வந்த வாடிக்கையாளர்களை நானும் நஸ்ரீனும் சமாளித்தோம். அவன் வீட்டில் என்ன பேசினார்கள் என்று பிறகு கேட்டபோது, "அது அவங்க ஊட்டு சமாச்சாரம்" என்று முடித்துக்கொண்டாள். அவன் கொஞ்ச நாள் டாக்டரிடம் போய்வந்தான். இப்போது நன்றாக இருக்கிறான்.

அடுத்தவர் எழுத்தைப் படிக்காமல் ஏன் இப்படி இருக்கிறாய் என்று நான் அவளைக் கேட்டிருக்கிறேன். மிஷினைத் திறந்து வைத்து டோனர் மாற்றிக்கொண்டிருந்தாள். தலையை உள்ளே விட்டபடியே சொன்னாள்: "நானும் உன்ன மாரிதான், இஸ்கூல்ல பர்ஸ்ட்டு. டைரி எழுதுவேன். எங்க பெரியண்ணன் அத்த எட்துகினு வந்து, சொந்தக்காரங்க எல்லாம் குந்தினுகீறப்ப சத்தம் போட்டுப் படிச்சான். அல்லாரும் சிரிச்சாங்கோ. அந்த வருசமே கல்யாணத்த முட்சி வுட்டாங்கோ." மூடியைச் சாத்தினாள். "அத்தோட நான் எழுதறத வுட்டேன். நீங்க எழுதுங்க."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் சோகம் எதுவும் இல்லை. கோபம் இருந்தது. நன்றாகப் பராமரித்து வைத்திருந்த கோபம்.

அந்தக் கோபத்தில் கொஞ்சம் எனக்கும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இன்று நான் ஆவடிப் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியை. போன மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர்கள் தங்கள் எதிர்காலம் பற்றிய பயங்களை ஒரு பக்க அளவில் எழுத வேண்டுமாம். மன அழுத்தம் குறையுமாம். நல்லது. அடுத்த வரியைப் பாருங்கள்: வகுப்பாசிரியர் அதைப் படித்துக் கையெழுத்திட்டு, பெற்றோர் கையெழுத்தும் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். என் வகுப்பில் அத்தனை பிள்ளைகளும் அழகான கையெழுத்தில், "எனக்குப் பயம் எதுவும் இல்லை. கடினமாக உழைத்து முன்னேறுவேன்" என்று எழுதிக் கொடுத்தார்கள். கட்டாகக் கட்டி ஆபீசில் கொடுத்துவிட்டேன். மறுநாள் கடைத்தெருவில் ஒரு பக்கெட் வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். தலைமையாசிரியர் கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம். கேட்கட்டும்.

டியூஷன் கதைக்கு வருகிறேன். எங்கள் சார் வாராந்திரத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரித்து, நகலெடுக்கக் கீழேதான் கொடுத்தனுப்புவார். அக்காவின் பிழைப்பில் பெரும்பகுதி அந்த வேலைதான். அந்த மாதங்களில் எங்கள் மார்க் ஏறியது. மூளை ஒன்றும் புதிதாக முளைக்கவில்லை. கை நடுங்காமல் எழுதினோம், தெரிந்ததை மறக்காமல் எழுதினோம். சார் அதைப் பார்த்தார். மாடி ஜன்னலிலிருந்து, நாங்கள் ஜெராக்ஸ் கடை வாசலில் உட்கார்ந்து மும்முரமாய் ஏதோ எழுதுவதையும் பார்த்தார். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். கேள்வித்தாள் முன்கூட்டியே கசிகிறது!

பிள்ளைகளின் மார்க் ஏறினால் மகிழ்ச்சி அடைய வேண்டிய மனிதருக்குத் திருட்டுதான் முதலில் ஞாபகம் வருகிறது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை, எங்களை அவர் அவ்வளவுதான் மதித்து வைத்திருந்தார்.

எல்லாரையும்விட அதிகமாக ஏறியது என் மார்க். அதனால் அப்பாவுக்குப் போன் போட்டு வரச் சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நான் கல் பலகையில் இருக்கும்போதே, எண்ணெய்க் கறை படிந்த வேலைச் சட்டையோடு அப்பாவும் பின்னாலேயே சாரும் வந்து நின்றார்கள்.

நான் அப்போதுதான் எழுதி முடித்து, தாளை பக்கெட்டில் போட்டிருந்தேன். அன்று பார்த்துப் பேனாவில் இங்க் தீர்ந்துபோயிருந்தது. அவசரத்தில் பால் பேனாவிலேயே எழுதிவிட்டேன். தண்ணீரில் மற்றத் தாள்கள் எல்லாம் வெளிறிக் கிடக்க, என்னுடையது மட்டும் ஒரு எழுத்தும் கலையாமல் மேலாக மிதந்துகொண்டிருந்தது. அதில் முதல் வரி: "அப்பா என்னை டாக்டரம்மா என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு வாந்தி வருகிறது."

"ஏம்மா, எத்தனை நாளா நடக்குது இது?" என்றார் சார்.

"எது சார்?"

"கேள்வித்தாளை முன்னாடியே பசங்களுக்குக் குடுக்கறது. இங்கேயே உக்காந்து விடை எழுதிப் பாக்கறாங்க. நான் மேலேருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"உங்க கேள்வித்தாளு மிஷினுக்குள்ள போவும், வெளிய வரும், கவர்ல போவும். அத்த நான் படிச்சதுகூட இல்ல."

"அப்ப இவங்க என்ன எழுதறாங்க?"

"அது எனக்குத் தெரியாது."

"தெரியாதா? பக்கெட்ல என்ன? ஒரு தாளை எடுத்துக் காட்டுங்க, பாத்துடலாம்."

ஒரே ஒரு தாள். அதைக் காட்டினால் அவள்மேல் விழுந்த திருட்டுப் பட்டம் அந்த நிமிஷமே கழன்றுவிடும். மேலே மிதப்பது என் தாள். எடுத்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். அப்பா அதைப் படிப்பதற்குள் நான் செத்துப்போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

"காட்ட மாட்டேன்" என்றாள் அக்கா.

அப்பா சமாதானமாகத்தான் கேட்டார். "ஏம்மா, ஒரு தாளக் காட்டிட்டா சார் மனசு ஆறிடும். உன் பேருக்குத்தான நல்லது."

"என் பேரு கெட்டா கெட்டுப்போவுது அண்ணே. இது உங்க பொண்ணும் இதுங்களும் பக்கெட்டுக்கு எழுதினது. உங்களுக்கு எழுதல, சாருக்கு எழுதல, எனக்கும் எழுதல."

"அப்ப திருட்டுத்தனம்னுதானே அர்த்தம்? நாளையிலேருந்து என் வேலை ஒண்ணும் இங்க வராது, சொல்லிட்டேன்" என்று சார் குனிந்து பக்கெட்டுக்குள் கையை விடப் போனார்.

அவருக்கு முன்னால் அவள் கை போய்விட்டது. துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் குந்தி, இரண்டு கையையும் முழங்கைவரை உள்ளே விட்டாள். சப்பாத்தி மாவு பிசைவதுபோல் பிசைய ஆரம்பித்தாள். என் தாள்தான் முதலில் போனது. சார் ஏதேதோ கத்தினார். பக்கத்துத் தையல் கடைக்காரரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். அக்கா நிமிரவே இல்லை. "வேற கட பாத்துக்கோ சார். இன்னா இப்போ? வேற கட பாத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே பிசைந்தாள்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். தாள் போய்விட்டது, தப்பித்துவிட்டேன். ஆனால் என் வாந்தியைக் காப்பாற்ற ஒரு மனுஷி திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு தரையில் குந்தியிருக்கிறாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கெட்டுக்குக் காது கிடையாது என்று இவள்தானே சொன்னாள்.

"கேள்வித்தாள் இல்லப்பா," என்றேன். "நான் உங்களப் பத்தி எழுதினேன்."

அக்காவின் கை நின்றது. "நீ சொல்லணும்னு இல்லமே" என்றாள்.

"சொல்றேன்க்கா." அப்பாவைப் பார்த்தே சொன்னேன். "என்னை டாக்டரம்மான்னு கூப்பிடாதீங்க. கூப்பிட்டாலே வயித்தக் கலக்குது. பரிச்சை எழுதறேன். ஆனா நான் தோத்துட்டா நீங்க என்னை எப்படிக் கூப்பிடுவீங்கன்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வரல."

முதல் தடவை அதைச் சொல்கிறவள் போல் நான் தடுமாறவில்லை. எத்தனையோ தாளில் எழுதிப் பார்த்த வாக்கியம் அது. அப்பா வேலைச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். சாரிடம், "கேட்டீங்கள்ல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, என்னை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

வழியில் வழக்கமான டீக்கடையில் நிறுத்தினார். "டாக்டரம்மாவுக்குப் பாலா, டீயா?" என்று கடைக்காரர் கேட்டார். அப்பா தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "அவ பேரு அமுதா" என்றார். மறுபடி வண்டியில் ஏறினோம். நான் முகத்தை அவர் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

நுழைவுத் தேர்வில் தேறவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வானம் இடிந்து விழவில்லை. அத்தை மட்டும் ஏதோ சொன்னாள். அத்தை எதற்குத்தான் சொல்லவில்லை?

அந்தச் சனிக்கிழமை சொன்னபடியே சார் தன் வேலையை வேறு கடைக்கு மாற்றினார். எங்களைச் சோதிக்க, அடுத்த வாரத் தேர்வுக்கு நகலே எடுக்கவில்லை. எங்களை உட்கார வைத்து, அங்கேயே யோசித்துக் கேள்விகளைப் பலகையில் எழுதிப் போட்டார். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. மார்க் இறங்கவில்லை. நஸ்ரீனுக்கு இன்னும் ஏறியது. சார் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன்னிப்பு என்கிற சொல்லை அவர் பாடத்திட்டத்திலேயே சேர்க்கவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நாள் கழித்து, பழையபடி கேள்வித்தாள் அனுப்பலாமா என்று என்னையே கீழே அனுப்பிக் கேட்டார். புதுக் கடை தூரமாம், பிரிண்டும் சரியில்லையாம்.

கீழே போய்ச் சொன்னேன். அக்கா சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. கடைக்குப் பின்னால் போய்க் கையில் ஒரு பேப்பர் கூடையோடு வந்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது. வெந்தய வாசனை அடித்தது. சாம்பல் நிறத்தில் அங்கங்கே நீலம் ஓடியிருந்தது.

"இது அந்த சனிக்கெழம பக்கெட்டு. கொண்டும்போயி உங்க சாராண்ட குடு. இன்னா சொல்லணும்னு கேட்டுக்கோ."

சொல்லிக் கொடுத்தாள். மாடி ஏறும்போதே எனக்குச் சிரிப்பு முட்டியது. வகுப்பு நிறைந்திருந்தது. நுழைவுத் தேர்வுக்கு இருந்த நாள் மிகவும் குறைவு, ஒரு முகத்திலும் ரத்தம் இல்லை. நேராகப் போய்க் கூடையை அவர் மேஜைமேல் வைத்தேன்.

"என்ன இது?"

"நீங்க கேட்ட தாள் சார். எல்லாம் இதுலதான் இருக்காம். ஒண்ணுகூடக் கொறையலயாம். பொறுமையா படிச்சிட்டு, அப்புறமா கேள்வித்தாள் குடுத்தனுப்புவீங்களாம்."

சார் கூடையைக் கையில் எடுத்தார். உள்ளே பார்த்தார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் பார்த்தார். நஸ்ரீன்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் மொத்த வகுப்பும் சிரித்தது.